சுவருக்கு அந்தப் பக்கம்

ஸ்பிரிங்ஃபீல்டு கடையின் உள்ளறையில்
சுவரெல்லாம் நுரைப்பஞ்சு, தரையெல்லாம் கம்பளம்.
கிரீசன் கதவைச் சாத்தியதும்
டர்பன் நகரமே வாயை மூடிக்கொண்டது.

மூன்று ஜோடிகளையும் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினான்.
ஹெலிகாப்டர் ஒன்று என் தலைக்கு மேலே வந்து
ஒரு முடியைக்கூடக் கலைக்காமல் போயிற்று.
எங்கோ கண்ணாடி நொறுங்கியது. எங்கோ மழை.
எல்லாமே நன்றாயிருந்தன,
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இடது காதை விரலால் அடைத்துக்கொண்டு
நடுப்பெட்டியின் குரலை மட்டும் மறுபடி கேட்டேன்.
"காதுவலியா ஆன்ட்டி?"
இல்லை தம்பி, இது என் வீட்டுக்காரரின் காது.
இருபத்தாறு வருஷம் தறிகளுக்கு நடுவே நின்றதில்
சகரமெல்லாம் உதிர்ந்துபோன காது.
சாவி எங்கே என்றால் ஆவியா என்பார்.
படம் ஓடும்போது "என்ன சொன்னான்?" என்பார்;
நான் சொல்லி முடிப்பதற்குள்
கொலைகாரன் அடுத்த ஊரில் இறங்கியிருப்பான்.

வீட்டில் வைத்து இரண்டு நாள் கேட்டுவிட்டு...
"பெட்டியப் பிரிச்சா பிரிச்சதுதான் ஆன்ட்டி.
திருப்பி வாங்க மாட்டோம்."

பட்டென்றால் கடைவாசலுக்குக் கொண்டுபோய்
வெயிலில் பிடித்துப் பார்த்துவிடுவேன்.
குழல்விளக்கில் மயில்கழுத்து,
வெளியே வந்தால் பாசிப்பச்சை.
ஒலியை எந்த வெயிலில் பிடிப்பது?

ஃபீனிக்ஸில் ஒட்டிப் பிறந்த இரண்டு வீடுகளில்
ஒன்று எங்களுடையது.
ஐந்து மீட்டருக்கு மூன்றரை. வழுக்கும் டைல்ஸ்.
லாரி போனால் முனகும் ஜன்னல் கம்பிகள்.
கண்ணாடி அலமாரியில் யாரும் குடிக்காத பன்னிரண்டு கோப்பைகள்.
நடுக்கூடத்தில் நின்று ஒருமுறை கைதட்டினேன்.
சத்தம் தரையில் சறுக்கி, கம்பியில் இடித்து,
கோப்பைகளைத் தொட்டு,
கூட இரண்டு பேரை அழைத்துக்கொண்டு திரும்பி வந்தது.
"பஜனையா?" என்றார் பூபாலன்.

வெள்ளிக்கிழமை இரவு
அடுத்த வீட்டுக் கால்பந்து
எங்கள் சுவரில் வந்து முட்டியபோதுதான் உறைத்தது:
அந்தக் கூடம் இந்தக் கூடம்தான்,
ரவிக்கையை உள்பக்கம் வெளியே திருப்பியதுபோல்.
அதே டைல்ஸ், அதே கம்பி.
என் வலது அவர்களுக்கு இடது.

முறுக்கு டப்பாவும் ஒரு படத்தட்டுமாக
நான் போய் நின்றதும்
நோமூசா விழுந்து விழுந்து சிரித்தாள்.
பிறகு, என் சோபா இருக்கும் இடத்துக்குத்
தன் சோபாவைத் தள்ளிப் போட்டாள்.
அவர்கள் ஸ்பீக்கர் பழசு;
முகத்துணியைக் குழந்தை பென்சிலால் குத்தியிருந்தது.
பரவாயில்லை.
நான் கேட்க வந்தது அதையல்ல, அறையை.

நாயகி பேசினாள். ஒவ்வொரு சகரமும்
ஊசியாய்த் தெறித்துக் கம்பியில் பட்டது.
பெக்கானி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்
கட்டில் கம்பளியை உருவி வந்து தரையில் விரித்தான்.
அவள் திரும்பவும் பேசினாள். இந்த முறை
வாயால் பேசினாள்.

பதினோராயிரம் ரேண்டில் ஒரு கம்பளி போக மிச்சம் எவ்வளவென்று
மனசுக்குள் கழித்துக்கொண்டிருந்தேன்.
லோட் ஷெட்டிங். தெருவே அணைந்தது.

இருட்டில் சுவர் மெலிந்தது.
அந்தப் பக்கம் என் வீடு:
கேஸ் அடுப்பில் குக்கரின் மூன்றாவது விசில்,
அவருடைய இருமல், இழுபடும் நாற்காலி.
"இவ்வளவு கேட்குமா?" என்றேன்.
"நீ அவருக்குக் கதை சொல்வதெல்லாம் கேட்கும்," என்றாள் நோமூசா.
"போன வாரக் கொலையைச் செய்தது தம்பிதானே?"

அப்போது ஒரு கைதட்டல்.
என் நடுக்கூடத்தில்.
சற்றுத் தள்ளி, ஜன்னலோரம், இன்னொன்று.
நின்று, யோசித்து, அலமாரிப் பக்கம் மூன்றாவது.

பெக்கானி இந்தப் பக்கமிருந்து
பதிலுக்கு ஒன்று தட்டினான்.

கொஞ்ச நேரம் எதுவுமில்லை.
பிறகு சுவருக்குள்ளிருந்து:

"என்ன சொன்னே?"